மயிலிறகுப் பிரம்பு

1516-ஆம் ஆண்டின் இறுதியில் லூவேன் நகரில் இலத்தீன் மொழியில் சிறியதொரு நூல் அச்சேறியது. ‘உத்தோப்பியா’ என்னும் அந்நூலை உலகம் ஓர் அரசியல் நூலாகவே படித்து வந்திருக்கிறது. ஆனால் அதன் முகப்பில், ஆன்ட்வெர்ப் நகரத்து நண்பர் பீட்டர் கைல்ஸுக்கு ஆசிரியர் வரைந்த கடிதம் ஒன்று உண்டு. நூலை முடிக்க ஏன் இத்தனை தாமதம் என்பதற்கு அதில் அவர் காரணம் சொல்கிறார். பகலெல்லாம் வழக்குகளில் கழிகிறது. வீடு திரும்பினாலோ மனைவியோடு பேசவேண்டும். பிள்ளைகளோடு கொஞ்சிப் பேசவேண்டும். பணியாளரிடம் வீட்டு நடப்பைக் கேட்டறிய வேண்டும். இவற்றை அவர் ஓய்வின் கணக்கில் எழுதவில்லை. அலுவலின் கணக்கிலேயே எழுதுகிறார். தன் வீட்டிலேயே தான் விருந்தாளியாகிவிட விரும்பாதவனுக்கு இதுவும் கட்டாயமான அலுவல் என்பது அவருடைய எண்ணம்.

அவ்வாறு எழுதியவர் தாமஸ் மோர். மறைசாட்சியாக மடிந்து, 1935-இல் திருத்தந்தை பதினோராம் பயசால் புனிதராக அறிவிக்கப்பட்டவர். 2000-ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலால் அரசியலாளரின் பாதுகாவலராகவும் அளிக்கப்பட்டவர். மன்னனை எதிர்த்து நின்ற அவருடைய மனச்சான்றைப் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். அலுவலின் பொருட்டு அடிக்கடி வீட்டைப் பிரிய நேர்ந்த ஓர் இளந்தந்தையாக அவரை நாம் அதிகம் எண்ணிப் பார்த்ததில்லை. பிழைப்புக்காகப் பிள்ளைகளைப் பிரிந்து வாழும் பெற்றோர் மிகுந்த நம் காலத்தில், அவ்வாறு எண்ணிப் பார்ப்பது பயனுடையதாகும்.

பிரிவின் தொடக்கம்

1478-இல் இலண்டனில் பிறந்த மோர், சட்டம் பயின்று வழக்கறிஞரானார். 1505-ஆம் ஆண்டையொட்டி ஜேன் கோல்ட் என்னும் பெண்ணை மணந்தார். மார்கரெட், எலிசபெத், செசிலி என்று மூன்று பெண்களும், 1509-இல் ஜான் என்னும் ஆண் மகவும் பிறந்தனர். 1511-இல் ஜேன் இறந்தார். மூத்தவளுக்கு அப்போது ஆறு வயதுக்குள்; இளையவனுக்கு ஏறத்தாழ இரண்டு வயது. ஒரு மாதம் கடப்பதற்குள் ஆலிஸ் என்னும் கைம்பெண்ணை மோர் மறுமணம் செய்துகொண்டார். இந்த அவசரத்தைக் குறைகூறியோர் உண்டு. ஆயினும் தாயற்ற நான்கு பச்சிளம் பிள்ளைகளை நினைப்போர்க்கு அதன் காரணம் விளங்காமற் போகாது. மார்கரெட் கிக்ஸ் என்ற வளர்ப்பு மகளும் அவ்வீட்டில் வளர்ந்தாள். அவளைத் தம் சொந்தப் பிள்ளைகளுள் ஒருத்தியாகவே அவர் எண்ணி வந்தார்.

1515-இல் மன்னர் எட்டாம் ஹென்றியின் தூதுக்குழு ஒன்று வணிக உடன்பாடு பேசுவதற்காகப் பிளாண்டர்சுக்கு அனுப்பப்பட்டது. மோர் அதில் ஓர் உறுப்பினர். இரண்டு மாதங்களில் முடியும் என்று எண்ணிப் புறப்பட்ட பயணம் ஆறு மாத அளவுக்கு நீண்டது. அந்தப் பயணத்தின் ஓய்வு வேளையில்தான் ‘உத்தோப்பியா’ கருக்கொண்டது. திரும்பி வந்தபின் நண்பர் எராஸ்முஸுக்கு எழுதிய மடலில், தூதர் பணி தமக்கு ஒருபோதும் பிடித்ததில்லை என்று மோர் மனந்திறந்து சொல்கிறார். குருக்களுக்கு அப்பணி எளிது. அவர்களுக்கு வீட்டில் மனைவி மக்கள் இல்லை, அல்லது போகுமிடமெல்லாம் கிடைத்துவிடுகிறார்கள் என்று அக்காலத்துக் குருக்கள் சிலரைக் குத்திக் காட்டவும் அவர் தயங்கவில்லை. பொதுநிலையினனோ ஒரே நேரத்தில் இரண்டு வீட்டைப் பேணவேண்டியிருக்கிறது. மன்னர் தரும் படி தமக்கும் உடன் செல்வோருக்கும் சரியாகிவிடும். ஆனால் தாம் திரும்பி வரும்வரை பட்டினி கிடக்குமாறு வீட்டாரை இணங்கச் செய்யத் தம்மால் முடியவில்லை என்று நகைக்கிறார். நகைப்புக்கு அடியில் இருக்கும் வருத்தத்தை, வெளியூர் வேலைக்குச் சென்ற எவரும் அறிவர்.

பயணங்கள் அத்தோடு நின்றுவிடவில்லை. 1517-இல் இலண்டனில் வியர்வைக் காய்ச்சல் என்ற கொள்ளைநோய் பரவியது. மோரின் நண்பரான கவிஞர் அம்மோனியோ அந்நோயால் ஆகஸ்டு மாதத்தில் மாண்டார். அவ்வாண்டே பிரெஞ்சு வணிகரோடு வழக்குத் தீர்ப்பதற்காக மோர் கலே துறைமுகத்துக்குச் செல்லவேண்டியதாயிற்று. 1518-இல் முறைப்படி அரச பணியில் சேர்ந்தார். அதன்பின் மன்னர் எங்கெங்கு முகாமிட்டாரோ அங்கெல்லாம் அவரும் இருக்கவேண்டியவரானார். 1520-இலும் 1521-இலும் மீண்டும் கடல் கடந்தார்.

சேற்றில் நடந்த கவிதை

அவருடைய இலத்தீன் கவிதைத் தொகுப்பின் 1520-ஆம் ஆண்டுப் பதிப்பில், நான்கு பிள்ளைகளையும் பெயர் சொல்லி விளித்து எழுதிய ஒரு மடல் இடம் பெற்றுள்ளது. அது குதிரையின்மேல் இருந்தபடி இயற்றிய கவிதை. மழை கொட்டுகிறது, உடை நனைந்துவிட்டது, குதிரையின் கால்கள் சேற்றில் புதைந்து புதைந்து எழுகின்றன. மற்றவர் சலித்துக்கொள்ளும் அந்த வழியில், தந்தை தம் மக்களுக்காக அடிகளை எண்ணிச் செய்யுள் கட்டுகிறார். உடல் இங்கே அல்லலுற்றாலும் நினைவு அங்கேதான் இருக்கிறது என்பதற்கு இக்கவிதையே சான்று என்கிறார்.

அக்கவிதையில் அவர் பிள்ளைகளுக்கு நினைவூட்டுவன மிகச் சிறியவை. எத்தனை முறை முத்தமிட்டேன், எத்தனை அரிதாக அடித்தேன். பண்டமும் ஆப்பிளும் பேரிக்காயும் வாங்கி வந்தேன். பட்டாடை உடுத்தி அழகு பார்த்தேன். உங்கள் அழுகையை என்னால் பொறுக்க முடிந்ததே இல்லை. ஒரோவொரு முறை பிரம்பை எடுத்தபோதும் அது மயிலின் தோகைதான். அதையும் தயங்கித் தயங்கியே வீசினேன், உங்கள் மெல்லுடலில் தழும்பு விழாமல் என்று சொல்கிறார். பிள்ளைகளைப் பிரம்பால் அடித்து வளர்ப்பதே கடமையெனக் கருதப்பட்ட காலம் அது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

முன்பு நான் உங்களை நேசித்தது, நீங்கள் என் பிள்ளைகள் என்பதால். இன்று உங்கள் கல்வியும் பண்பும் நற்சொல்லும் அந்த அன்பைப் பன்மடங்கு வளர்த்துவிட்டன. இன்றைய அன்பை நோக்கும்போது பழையது அன்பே அன்று எனத் தோன்றுகிறது என்பது கவிதையின் முடிந்த கருத்து. தொலைவில் இருக்கும் தந்தைக்கு ஓர் ஆபத்து உண்டு. தாம் விட்டுப் புறப்பட்ட நாளின் வயதிலேயே பிள்ளையை அவர் நிறுத்தி வைத்துக்கொள்கிறார். பிள்ளையோ வளர்ந்து விடுகிறது. மோர் பழைய நினைவுகளைச் சுவைக்கிறார். ஆனால் அவற்றில் தங்கிவிடவில்லை. வளர்ந்த பிள்ளையை வளர்ந்தபடியே மீண்டும் நேசிக்கக் கற்றுக்கொள்கிறார்.

எழுத ஒன்றுமில்லை என்னாதே

அக்காலத்து இங்கிலாந்தில் பொதுமக்களுக்கு அஞ்சல் வசதி கிடையாது. அரச அஞ்சல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது 1635-இல்தான். தனி மனிதரின் மடல்கள், அவ்வழிச் செல்லும் வணிகர் கையிலும் பணியாளர் கையிலும்தான் பயணம் செய்தன. பிரிஸ்டல் நகரத்து வணிகர் ஒருவர் பிள்ளைகளின் மடல்களைச் சுமந்து வந்து தந்ததை மோர் ஒரு கடிதத்தில் குறிப்பிடுகிறார். பிள்ளைகள் எழுதிய அம்மடல்கள் இன்று நமக்குக் கிடைக்கவில்லை. தந்தை எழுதிய மறுமொழிகள் சிலவே எஞ்சியுள்ளன. எனினும் அவற்றைக் கொண்டே மறுபக்கத்தை நாம் ஓரளவு கேட்க முடிகிறது.

அந்த மறுமொழியில் அவர் மடல்களை மொத்தமாகப் பாராட்டிவிட்டு முடிக்கவில்லை. ஜானின் மடல் மற்றவற்றைவிட நீண்டது, கூடுதல் உழைப்பில் உருவானது என்று தனியே சொல்கிறார். தந்தையின் நகைச்சுவைக்குப் பதில் நகைச்சுவை தந்திருக்கிறான், ஆனாலும் யாரோடு நகைக்கிறோம் என்பதை மறக்கவில்லை என்று மகிழ்கிறார். அன்றாடம் மடல் வரவேண்டும் என்று கேட்கிறார். நேரம் இல்லை, கொண்டுவர ஆள் இல்லை, எழுதச் செய்தி இல்லை என்ற சாக்குகளை ஏற்க மறுக்கிறார். எழுத ஒன்றுமில்லை என்றால், ஒன்றுமில்லாததைப் பற்றியே நீளமாக எழுதுங்கள்; பேசுவதற்குப் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவா வேண்டும் என்று சீண்டுகிறார். அதோடு ஒரு நிபந்தனையும் விதிக்கிறார்: விளையாட்டுச் செய்தியே ஆனாலும் கவனத்தோடு எழுதவேண்டும், முதலில் ஆங்கிலத்தில் எழுதிப் பின் இலத்தீனில் பெயர்த்து, ஒவ்வொரு தொடரையும் திரும்பப் பார்க்கவேண்டும்.

நிக்கோலஸ் கிராட்ஸர் என்னும் ஜெர்மானிய அறிஞர் பிள்ளைகளுக்கு வானியல் கற்பித்தார். அச்செய்தி எட்டியபோது மோர் எழுதுகிறார்: துருவ மீனையும் பிற விண்மீன்களையும் சுட்டிக்காட்டுவதோடு, தேர்ந்த வானியலாரைப் போலக் கதிரவன் எது, நிலவு எது என்று பிரித்தறியும் அளவுக்கு நீங்கள் முன்னேறிவிட்டீர்களாமே! குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். ‘நன்றாகப் படிக்கிறாயா?’ என்ற பொதுவான கேள்வி அவரிடம் இல்லை. இந்த வாரம் என்ன பாடம், கற்பித்தவர் யார் என்று அறிந்து, அந்த இடத்தைத் தொட்டு அவர் நகைக்கிறார்.

பணம் கேட்டு மார்கரெட் எழுதிய மடலுக்கு அவர் தந்த விடையும் நினைக்கத்தக்கது. கொடுக்கத் துடிக்கும் தந்தையிடம் இத்தனை கூச்சத்தோடு கேட்பானேன்? உன் எழுத்துக்கு அசைக்கு இரண்டு பொற்காசு தரலாம். ஆனால் நீ கேட்ட அளவே அனுப்புகிறேன். அப்போதுதான் விரைவில் நீ மறுபடி கேட்பாய் என்கிறார். இங்கே பணம் மடலுக்கு மாற்றாக வரவில்லை. அடுத்த மடலுக்கு அழைப்பாக வருகிறது.

எக்ஸிட்டர் மறைமாவட்டத்து ஆயரைச் சந்தித்த வேளையில், மார்கரெட்டின் மடல் தற்செயலாக மோரின் பையிலிருந்து வெளிவந்தது. ஆயர் அதைப் படித்து வியந்து, மகளுக்குக் கொடுக்கும்படி ஒரு பொற்காசை வற்புறுத்தித் தந்தார். மோர் அதை மகளுக்கு அனுப்பி வைத்தார். மற்றப் பெண்களின் மடல்களை அவர் ஆயருக்குக் காட்டவில்லை. அவர்களுக்கும் காசு பெறவே காட்டுகிறார் என்று ஆயர் நினைத்துவிடக் கூடாதே! இச்செய்தியில் பொற்காசைவிடப் பெரியது வேறொன்று. அரசவைக்குச் சென்ற தந்தையின் பையில் மகளின் மடல் இருந்தது.

ஆசிரியர் கொனெலுக்கு எழுதிய மடலில், தாய் வீட்டில் இல்லாதபோதும் எலிசபெத் அடக்கத்தோடு நடந்துகொண்டது உலகின் எல்லாக் கல்வியையும்விடத் தம்மை மகிழ்விக்கிறது, அதை அவளிடம் சொல்லுங்கள் என்கிறார். தொலைவிலிருந்து கண்டிப்பது எளிது. கண்காணாத இடத்தில் பிள்ளை செய்த நன்மையைக் கேட்டறிந்து பாராட்டுவது கடினம். மோர் இரண்டாவதைத் தேர்ந்துகொண்டார். ஆணுக்கும் பெண்ணுக்கும் அறிவின் விளைநிலம் ஒன்றே என்ற கருத்தையும் அக்காலத்திலேயே அதே மடலில் வற்புறுத்தினார். 1524-இல், எராஸ்முஸ் எழுதிய ‘விண்ணகத் தந்தை’ செபவிளக்கத்தை மார்கரெட் ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டது அந்த நிலத்தின் விளைச்சலே.

மடல் போதுமா?

இத்தனை மடல்கள் இருந்தும் மோர் மனநிறைவடையவில்லை என்பதுதான் இவ்வரலாற்றின் உயிர்நாடி. அவருடைய மருமகன் வில்லியம் ரோப்பர் எழுதிவைத்த வரலாற்றுக் குறிப்பு ஒன்று இதைக் காட்டுகிறது. மன்னர் ஹென்றிக்கு மோரின் பேச்சென்றால் கொள்ளை ஆசை. இரவில் மாளிகையின் மேல்தளத்துக்கு அழைத்துச் சென்று கோள்களின் நடையைப் பற்றி அவரோடு உரையாடுவார். இரவுணவுக்குப் பின் அரசியோடு அமர்ந்து அவருடைய நகைச்சுவையைக் கேட்பார். மாதம் ஒருமுறைகூட மனைவி மக்களிடம் சென்றுவர விடை கிடைக்கவில்லை. இரண்டு நாள் சேர்ந்தாற்போல் அவையை விட்டு நீங்கினால் ஆள் வந்துவிடும்.

மோர் என்ன செய்தார் தெரியுமா? தம் இயல்பான கலகலப்பைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டார். மன்னர் முன் சுவையற்ற மனிதராக நடிக்கத் தொடங்கினார். நாளடைவில் மன்னர் முன்போல் அழைப்பதை விட்டார். அவருக்கும் வீட்டுக்குச் செல்ல வழி பிறந்தது. அரசனின் மகிழ்ச்சிக்குப் பாத்திரமாவதே முன்னேற்றத்தின் ஏணி என்றிருந்த காலத்தில், அந்த ஏணியின் ஒரு படியைத் தம் கையாலேயே அவர் தளர்த்தினார். அரசவையில் மறைத்த சிரிப்பை வீட்டுக்கு எடுத்துச் சென்றார்.

தூய யோவானின் இரண்டாம், மூன்றாம் திருமுகங்கள் இக்கருத்தைத் தாங்கியே முடிகின்றன. எழுதவேண்டியவை பல இருந்தும், மையும் எழுதுகோலும் கொண்டு எழுத விரும்பாமல் நேரில் கண்டு பேசவே திருத்தூதர் விழைகிறார். மடல் உறவைக் காக்கும்; ஆனால் நேர்முகத்தின் இடத்தை அது பிடித்துக்கொள்ளத் தகாது.

மோர் குறையற்ற மனிதர் அல்லர். 1529 முதல் 1532 வரை நாட்டின் உயர் முதலமைச்சராக இருந்த காலத்தில், திரிபுக் கொள்கையினர் எனக் கருதப்பட்டோரிடம் அவர் காட்டிய கடுமையை வரலாறு மறைக்கவில்லை. மயிலிறகைக் கையாண்ட கைக்கு வேறு முகமும் இருந்தது. அதை ஒப்புக்கொண்டே அவருடைய இல்லறத்தை நாம் நோக்குகிறோம்.

நம் வீடுகளில்

கடந்த நூற்றாண்டின் எழுபதுகளில் தொடங்கி நம் பங்குகளிலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் சென்ற தந்தையர் பலர். கப்பல் பணியிலும், படையிலும், நெடுந்தூர லாரி ஓட்டத்திலும் வாழ்நாளைக் கழிப்போர் உண்டு. செவிலியராய் அயல்நாடு சென்ற தாய்மாரும் உண்டு. முன்பு வான்வழி அஞ்சலுக்காக வாரக்கணக்கில் காத்திருந்தோம். ஒலிநாடாவில் குரலைப் பதிந்து ஊருக்கு வருபவர் கையில் கொடுத்தனுப்பினோம். இன்று கைப்பேசித் திரையில் முகத்தையே பார்க்கிறோம். மோர் கனவிலும் காணாத வசதி இது. ஆயினும் ‘சாப்பிட்டாயா? படித்தாயா?’ என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது என்று தாய்மார் பலர் சொல்லக் கேட்கிறோம். பிள்ளை திரையை விட்டு ஓடிவிடுகிறது. தந்தை மனம் நொந்து, அடுத்த மாதம் கூடுதலாகப் பணம் அனுப்புகிறார்.

குறை கருவியில் இல்லை. ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே பெயர் சொல்லி அழைப்பது, அவ்வாரத்துப் பாடத்தையும் விளையாட்டையும் அறிந்து கேட்பது, தம் பயணத்தின் மழையையும் சேற்றையும் பிள்ளைக்குச் சொல்வது, தொலைவிலிருந்து தண்டிக்காமல் பாராட்டுவது, சொன்ன நாளில் தவறாமல் பேசுவது ஆகிய இவற்றுக்குப் பொருட்செலவு இல்லை. இவற்றுக்கெல்லாம் மேலாக, திரும்பி வர இயலும்போது வருவது. இன்னும் ஓர் ஒப்பந்தம், இன்னும் இரண்டாண்டு என்று தள்ளிப்போடும் எல்லாரும் வறுமையால் தள்ளிப்போடுவதில்லை. வறுமையால் கட்டுண்டோரை யாரும் குற்றம் சொல்லவியலாது. மற்றவர் மன்னர் ஹென்றியின் மேல்தளத்தை ஒருகணம் நினைத்துப் பார்க்கலாம்.

கரித்துண்டால் எழுதிய கடிதம்

1534 ஏப்ரலில், மன்னரின் மரபுரிமைச் சட்டத்துக்குரிய உறுதிமொழியை ஏற்க மறுத்ததால் மோர் இலண்டன் கோபுரச் சிறையில் அடைக்கப்பட்டார். இம்முறை பிரிவு அலுவலால் வரவில்லை, மனச்சான்றால் வந்தது. எழுதும் முறையும் இப்போது மாறியது. முன்பு வெளியே சென்ற தந்தை வீட்டிலிருந்த மகளுக்கு எழுதினார். இப்போது மகள் சிறையிலிருந்த தந்தைக்கு எழுதினாள். கடவுளின் சட்டத்துக்கு உட்பட்டவரை என்ற வரம்போடு மார்கரெட் அந்த உறுதிமொழியை ஏற்றிருந்தாள். தந்தையும் ஏற்று வீடு திரும்பவேண்டும் என்று வாதாடினாள். நீ எனக்கு ஏவாளாக வந்தாயோ என்று அவர் புன்னகையோடு கேட்டார், இணங்கவில்லை. சிந்திக்கவும் எழுதவும் அவர் கற்பித்த மகள், அந்தச் சிந்தனையைக் கொண்டே அவரோடு முரண்பட்டாள். உறவு முறியவில்லை. பல்லாண்டு பேசிப் பழகிய அன்பு, கருத்து வேற்றுமையைத் தாங்கும் வலிமை பெற்றிருந்தது.

1535 ஜூலை முதல் நாள் தீர்ப்புப் பெற்றுத் திரும்பும் வழியில், காவலரின் ஆயுதங்களை விலக்கிக்கொண்டு மார்கரெட் ஓடிவந்து அவரைக் கட்டியணைத்து முத்தமிட்டாள். போனவள் மனம் பொறாமல் மறுபடியும் ஓடிவந்தாள். ஜூலை ஐந்தாம் நாள், எழுதுகோலும் பறிக்கப்பட்டிருந்த நிலையில், மோர் கரித்துண்டால் அவளுக்குக் கடைசிக் கடிதம் எழுதினார். மறுநாள் தலை வெட்டப்பட இருந்தவர் அதில் இறையியல் எதுவும் பேசவில்லை. அந்தக் கடைசி முத்தத்தின்போது அவள் நடந்துகொண்ட விதமே தமக்கு மிகப் பிடித்தது என்றார். பழைய வழக்கப்படி ஒவ்வொருவரையும் தனித்தனியே நினைத்தார். செசிலிக்கு ஆசியும் ஒரு கைக்குட்டையும். எலிசபெத்துக்கும் ஜானுக்கும் உரிய செய்திகள். வளர்ப்பு மகள் மார்கரெட் கிக்ஸுக்கு, அவளுடைய கணக்குக் கற்பலகையை மறவாமல் திருப்பி அனுப்பினார்.